பதினெட்டு வருடக் கணக்கு

முதலில் ஒரு கழித்தல் கணக்கு. பாவலர் வரதராசன் மலையேறிப் போய்ப் பாடிய தேவிகுளம் இடைத்தேர்தல் நடந்தது 1958இல். 'அன்னக்கிளி' திரைக்கு வந்தது 1976இல். நடுவில் 18 வருடம். ஏறக்குறைய அந்தத் தேர்தல் சமயத்தில்தான், பதினாலு பதினைந்து வயதில், பாவலரின் தம்பி ராசையா அண்ணனின் குழுவில் சேர்ந்தார். பண்ணைப்புரத்து ராசையாவின் பெயர் இசையமைப்பாளராகச் சினிமா டைட்டிலில் வர அத்தனை காலம் பிடித்தது. அப்போதும் வந்தது அவருடைய பெயர் இல்லை. அந்தப் படத்தை எழுதிய பஞ்சு அருணாசலம் வைத்த 'இளையராஜா'.

கம்பம் பள்ளத்தாக்கில் கொஞ்சம் குரல் உள்ள பிள்ளைகளிடம் பேசிப் பாருங்கள். எல்லோரும் கதையை 1976இல்தான் தொடங்குவார்கள். பஞ்சு அருணாசலத்தின் எதிரே மேஜையில் தாளம் தட்டிப் பாடிக் காட்டினாராம், வாய்ப்பு வந்துவிட்டதாம். நமக்கும் ஒரு மேஜை கிடைத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். கிராமியப் பாட்டைப் பிழைப்பாக எடுத்துக்கொள்ள ஆசைப்படுகிறவருக்கு அந்த மேஜையால் பெரிய பிரயோஜனம் கிடையாது. அதற்கு முந்தைய 18 வருடத்தில்தான் தொழில் கிடக்கிறது. உத்தமபாளையத்திலோ கூடலூரிலோ இன்றைக்கு ஒரு செட்டுச் சேர்க்க நினைக்கிற இருபது வயதுக்காரருக்கு அதில் எதெல்லாம் உதவும், எதெல்லாம் உதவாது என்று பார்ப்போம்.

உங்களுக்காக வராத கூட்டம்

பாவலர் கம்யூனிஸ்ட் கட்சியின் பிரச்சாரப் பாடகர். அவர் பாடிய மேடைகளுக்குக் கூட்டம் பாட்டுக் கேட்க வரவில்லை. பேச்சாளருக்காக வந்தது, அல்லது சும்மா வந்தது. டிக்கெட் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தவன் பத்து நிமிடம் பொறுப்பான். கட்சிக் கூட்டத்துக்கு ஓரமாக வந்து நிற்கிறவன் முதல் பாட்டிலேயே பீடி பற்றவைக்க நகர்ந்துவிடுவான். அவனை நிறுத்தி வைப்பதுதான் அன்றைக்கு வேலை.

பாவலர் அதற்குப் பிடித்த வழி எளிமையானது. ஊரே முணுமுணுக்கும் சினிமா மெட்டை எடுத்துக்கொள்வார். வார்த்தையை மாற்றுவார். அந்த ஊர்ப் பிரச்சினை, அந்த வாரச் செய்தி, எதிர்க்கட்சி வேட்பாளர் முந்தாநாள் உளறியது எல்லாம் பாட்டுக்குள் வந்துவிடும். மெட்டு பழசு, சேதி புதுசு. தேவிகுளம் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து கிள்ளிய தமிழ்த் தொழிலாளிகளிடம் இது செல்லுபடியானது. கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார். அந்த வெற்றியில் பாவலருக்கும் பங்கு உண்டென்று அன்றைய கேரள முதல்வர் ஈ.எம்.எஸ்ஸே சொன்னதாக எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

அமெரிக்காவிலும் இப்படி ஒரு தடம் உண்டு. ஒக்லஹோமாவில் 1912இல் பிறந்த உட்டி கத்ரி, புழுதிப் புயலில் நிலம் போய்க் கலிபோர்னியாவுக்குப் பிழைக்கப் போன கூலிகளின் முகாம்களில், தெரிந்த பழைய மெட்டுகளில் புதிய வார்த்தை போட்டுப் பாடினார். அவரைத் தேடிக்கொண்டு 1961இல் நியூயார்க் வந்த பையன்தான் பாப் டிலன். பிறகு அங்கத்திய 'கன்ட்ரி' ஊர்ப் பாட்டோடு ராக் இசையின் எலெக்ட்ரிக் கிட்டாரும் டிரம்ஸும் சேர்ந்து 'கன்ட்ரி ராக்' என்ற வகை உருவானது. அதன் அடையாளமாகச் சொல்லப்படும் 'தி பேர்ட்ஸ்' குழுவின் ஆல்பம் 1968இல் வந்தது. ராசையா சென்னையில் மேற்கத்திய இசை படிக்கத் தொடங்கியதும் 1968வாக்கில்தான். ஊர்ப் பாட்டோடு கிட்டார் சேர்கிற வேலை இரண்டு கண்டத்திலும் ஒரே சமயத்தில் நடந்திருக்கிறது. இவருக்கு அவர்களைத் தெரியாது, அவர்களுக்குப் பண்ணைப்புரம் தெரியாது.

விஷயத்துக்கு வருவோம். முதல் இரண்டு மூன்று வருடம் உங்களுக்காக வராத கூட்டத்தின் முன்னால் பாடுங்கள். பள்ளி ஆண்டுவிழா, தொழிற்சங்கக் கூட்டம், விழிப்புணர்வுப் பிரச்சாரம், கல்யாண வீடு, காதுகுத்து. ஜனவரி 15 அன்று பென்னிகுவிக் பிறந்தநாளைப் பள்ளத்தாக்கில் பொங்கல் வைத்துக் கொண்டாடுகிறார்களே, அங்கே போய் அவர் முல்லைப் பெரியாறு அணை கட்டிய கதையைத் தெம்மாங்கில் பாடுங்கள். 1895இல் முடிந்த அணையின் கதை இந்த மண்ணில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்த கதையைக் கேட்க வைக்க முடிகிறதா என்பதுதான் உங்களுக்குப் பரீட்சை.

குழுவுக்குள் இருந்த வேலைப் பிரிவினையும் கவனிக்க வேண்டியது. பாவலர் எழுதுவார், பாடுவார். பாஸ்கர், ராசையா, அமர்சிங் என்ற தம்பிகள் வாசிப்பு, கூடப் பாடுதல் என்று பிரித்துக்கொண்டார்கள். ராசையாவுக்குச் சின்ன வயதில் பெண் குரலில் பாடும் வேலை. குரல் உடைந்ததும் அது போயிற்று. அண்ணனுக்குத் தெரியாமல் தொட்டுப் பழகிய ஆர்மோனியம் அப்போது கைகொடுத்தது. பாடகராக மட்டும் இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். எனவே பாடுகிறவர் ஒரு கருவியாவது வாசிக்கப் பழகுங்கள். பறை, பம்பை, உறுமி, தவில், ஆர்மோனியம், கீபோர்டு, எதுவானாலும் சரி. சித்திரை வெயிலில் தொண்டை கட்டிக்கொண்ட இரவில் அது உங்கள் பங்கைக் காப்பாற்றும்.

சரக்கு எங்கே இருக்கிறது

யூடியூப்பில் கேட்டுப் பாடும் நூறு பேர் ஒரே இருபது பாட்டைத்தான் பாடுகிறார்கள். விழாக் கமிட்டிக்காரருக்கும் அந்த இருபதும் மனப்பாடம். உங்களிடம் மட்டும் இருக்கிற பாட்டு எத்தனை? அந்த எண்ணிக்கைதான் உங்கள் விலை.

நல்ல வேளையாக, இந்தப் பள்ளத்தாக்கில் சரக்குக்குப் பஞ்சமில்லை. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் ஜூனில் திறந்துவிட்டால் 14,707 ஏக்கர் இருபோக நிலத்தில் வேலை தொடங்கும். நடவுக்கு வரும் பெண்களில் அறுபதைத் தாண்டியவர்கள் யார் என்று விசாரியுங்கள். போடி, கம்பம், கூடலூர்ப் பக்கமிருந்து விடியற்காலை ஜீப் ஏறி இடுக்கி ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போகிறவர்களில் பாட்டுக் கட்டத் தெரிந்தவர்கள் உண்டு. மலைப்பாதைக்கு, கங்காணிக்கு, அட்டைக் கடிக்கு எல்லாம் அவர்களிடம் பாட்டிருக்கும். உங்கள் அப்பத்தாவிடமும் அம்மாச்சியிடமும் தாலாட்டும் ஒப்பாரியும் கேளுங்கள். ஒப்பாரியைச் சும்மா பாடச் சொன்னால் பாட மாட்டார்கள். வீட்டுக்கு ஆகாது என்பார்கள். அதைக் களத்துமேட்டிலோ தோப்பிலோ வைத்துத்தான் கேட்க வேண்டும்.

போனில் பதிவு செய்யுமுன் அனுமதி கேளுங்கள். பதிவான தேதி, ஊர், பாடியவர் பெயர், அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். பிறகு மேடையில் பாடும்போது, "இது இன்ன ஊர் அப்பத்தா கொடுத்த பாட்டு" என்று ஒரு வரி சொல்லுங்கள். காசு வந்தால் ஒரு சேலையாவது எடுத்துக் கொடுங்கள். இதில் மரியாதையோடு தொழிலும் இருக்கிறது. பாட்டுக் கொடுத்த கிழவியின் பெயரைச் சொல்கிறவருக்கு அடுத்த ஊரில் பத்துக் கிழவிகள் பாட்டுக் கொடுப்பார்கள்.

புத்தகமும் வேண்டும். கி.வா.ஜகந்நாதன் பதிப்பித்த 'மலையருவி', நா.வானமாமலை தொகுத்த 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' இரண்டையும் நூலகத்தில் தேடிப் படியுங்கள். மெட்டு அதில் கிடைக்காது. ஆனால் ஒரே பாட்டு திருநெல்வேலியில் எப்படி, மதுரையில் எப்படி என்று பார்க்கப் பழகினால், உங்கள் ஊர்ப் பாட்டில் எது உங்கள் ஊருடையது என்று பிடிபடும்.

சீசனும் செட்டும் சில்லறையும்

இந்தத் தொழிலுக்கு வருடத்தில் பன்னிரண்டு மாதம் கிடையாது. மாசியில் சூடு பிடிக்கும். பங்குனிப் பொங்கல்கள், சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா, சித்ரா பௌர்ணமி, வைகாசி முகூர்த்தங்கள், ஆடிச் சனிக்கிழமைகளில் குச்சனூர் என்று ஓடும். அதன் பிறகு தணிந்துவிடும். மார்கழியில் ஊர் மேடை அறவே இல்லை. ஆறு மாத வருமானத்தில் பன்னிரண்டு மாதம் சாப்பிட வேண்டும் என்பதுதான் நிஜம்.

எனவே கைவேலையை விடாதீர்கள். 1959இல் திறந்த வைகை அணையின் கட்டுமானத்தில் கூலி வேலைக்குப் போனதை இளையராஜாவே சொல்லியிருக்கிறார். அல்லிநகரத்துச் சின்னசாமி, அதாவது இயக்குநர் பாரதிராஜா, அரசாங்கச் சுகாதாரத் துறை வேலையில் இருந்துகொண்டுதான் நாடகம் போட்டார். திராட்சைத் தோட்டம், டூ வீலர் மெக்கானிக், ஆட்டோ, டியூஷன், எதுவானாலும் சீசன் நாட்களில் லீவு கிடைக்கிற வேலையாகப் பாருங்கள். "கலைக்காக வேலையை விட்டேன்" என்று பெருமை பேசும் பேட்டிகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவருடைய வீட்டு வாடகையை யார் கட்டினார்கள் என்றுதான் கேட்கத் தோன்றும்.

செட்டுச் சேர்க்கும்போது ஆள் கூட்டாதீர்கள். மேடையில் பன்னிரண்டு பேர் நின்றால் பார்க்கக் கம்பீரம். வேன் வாடகை, டீசல், டிரைவர் பேட்டா, ராத்திரிச் சாப்பாடு, ஏஜென்ட் கமிஷன், தவிலுக்குத் தோல் மாற்ற ஒதுக்கும் தொகை எல்லாம் போக மிச்சத்தைப் பன்னிரண்டால் வகுத்துப் பார்த்தால் கம்பீரம் போய்விடும். ஐந்தாறு பேரில் தொடங்குங்கள். பங்கு எவ்வளவு, வாத்தியாருக்கு எத்தனை பங்கு, வண்டி வைத்திருப்பவருக்கு எத்தனை பங்கு என்பதைச் சீசனுக்கு முன்பே பேசிவிடுங்கள். நிகழ்ச்சி முடிந்த இரவு வேனுக்குள் பேசினால் செட்டு உடையும். அண்ணன் தம்பி செட்டானாலும் இதே விதிதான். சொல்லப்போனால் அண்ணன் தம்பி செட்டில்தான் யாரும் வாய் திறந்து கேட்க மாட்டார்கள், மனசுக்குள் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

அடுத்தது அட்வான்ஸ். ஊர்க்காரர் கேட்பார்:

"தம்பி, நம்ம ஊருக்குள்ள என்னப்பா அட்வான்ஸு? ஆட்டம் முடிஞ்சதும் மொத்தமா கையில வாங்கிக்க."

"நம்மளுக்குள்ள ஒண்ணுமில்லண்ணே. வேன்காரருக்கு இன்னைக்கே சொல்லி வைக்கணும். தவிலுக்காரரை வேற ஊர்ல கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. தேதியைப் புடிச்சு வச்சாத்தான் நான் உங்களுக்கு வாக்குக் குடுக்க முடியும்."

உங்கள் மேல் வைத்துக் கேட்டால் நம்பிக்கையின்மை ஆகிவிடும். வேன் மேல் வைத்துக் கேட்டால் நியாயம். பத்து வருடத்துக்கு முன் எனக்குத் தெரிந்த ஒரு செட்டு, பெயர் வேண்டாம், ஒரு கமிட்டியின் வாய்ச்சொல்லை நம்பி முப்பது கிலோமீட்டர் போனது. அன்று ஊரில் ஒரு சாவு. நிகழ்ச்சி ரத்து. வேன் வாடகை வாத்தியார் தலையில். அவர் யாரையும் குறை சொல்லவில்லை. சாவு வீட்டில் போய்க் காசு கேட்க முடியுமா? அதற்கடுத்த வாரம் ஒரு ரசீதுப் புத்தகம் அடித்துவிட்டார். இன்றும் அதில்தான் புக்கிங்.

அந்த ரசீதில் என்ன இருக்க வேண்டும்? தேதி, இடம், தொடங்கும் நேரம், முடியும் நேரம், மொத்தத் தொகை, அட்வான்ஸ். மைக் செட்டும் மேடையும் யார் பொறுப்பு. சாவு, மழை, அனுமதி மறுப்பு என்று ரத்தானால் அட்வான்ஸ் திரும்பக் கேட்கக் கூடாது என்ற ஒரு வரி. போலீஸ் அனுமதி கமிட்டியின் பொறுப்பு என்ற இன்னொரு வரி. இரவு பத்து மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது சத்தக் கட்டுப்பாட்டு விதி. "நாங்க பாத்துக்கிறோம்" என்று கமிட்டி சொல்லும். மைக்கைப் பிடுங்க வருகிற காவலர் மேடையில் நிற்கிறவரைத்தான் முதலில் பார்ப்பார். பெண்கள் ஆடுகிற பாடுகிற செட்டானால் உடைமாற்றக் கதவுள்ள அறை, மேடையேறிப் பணம் குத்தக் கூடாது என்பதையும் அச்சிலேயே போட்டுவிடுங்கள். வாயால் சொன்னால் சண்டை, அச்சில் இருந்தால் விதி. மிச்சப் பணத்தைக் கடைசிப் பாட்டுக்கு முன்னால் வாங்குங்கள். மங்களம் பாடி முடித்த பிறகு பொருளாளர் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது.

பறை வாசிக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சாவுக்கு அடிப்பதில்லை என்று முடிவெடுத்த குழுக்கள் உண்டு. அடிப்போம், ஆனால் உரிய கூலியோடும் உட்கார நாற்காலியோடும்தான் என்கிற குழுக்களும் உண்டு. இது வருமானக் கேள்வி மட்டுமில்லை என்பது உங்களுக்குத் தெரியும். எதுவானாலும் குழுவாக முடிவெடுத்து எல்லா ஊருக்கும் ஒன்றாகச் சொல்லுங்கள். மதுரைப் பக்கத்துப் பறையாசான் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ வந்தது. அந்தச் செய்தித்தாள் நறுக்கைக் கையில் வைத்திருங்கள். பேரம் பேசும்போது உதவும்.

அட்டை, வானொலி, அலுவலகம்

இந்தப் பகுதி சுவாரசியமில்லாதது, ஆனால் ஒரு மத்தியானம் செலவழித்தால் முடிந்துவிடும். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிந்து அட்டை வாங்குங்கள். பிள்ளைகள் படிப்பு, திருமணம், விபத்து, இறுதிச் சடங்கு ஆகியவற்றுக்கு உதவி உண்டு. தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் இசைக்கருவியும் ஆடை அணிகலனும் வாங்கக் கலைஞர்களுக்கு 10,000 ரூபாய் தரும் திட்டம் வைத்திருக்கிறது. அறிவிப்பு பேப்பரில் வரும்போது விண்ணப்பியுங்கள். கலை பண்பாட்டுத் துறை மாவட்டந்தோறும் வயதுவாரியாக விருது கொடுக்கிறது: 18 வரை கலை இளமணி, 19 முதல் 35 வரை கலை வளர்மணி, பிறகு கலைச்சுடர்மணி, கலை நன்மணி, கலை முதுமணி. பணம் பெரிதல்ல. ஆனால் 'கலை வளர்மணி' என்று பிட் நோட்டீசில் போட்டால் கமிட்டி பேசும் தொனி மாறும். அரசு விழாக்களுக்கும், 'சென்னை சங்கமம் – நம்ம ஊரு திருவிழா' மாதிரிப் பொங்கல் நிகழ்ச்சிகளுக்கும் குழுக்களைக் கூப்பிடுவது இந்தத் துறைதான். துறையின் பட்டியலில் இல்லாதவருக்கு அழைப்பு வராது.

வானொலியை மறந்துவிடாதீர்கள். வானொலி நிலையத்தின் குரல் தேர்வில் பாடித் தேறினால் 'பி' கிரேடு, பிறகு 'பி ஹை', 'ஏ', 'டாப்' என்று ஏறலாம். கொடைக்கானல் பண்பலை நம் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கிறது. டீக்கடைக்காரர் முதல் தோட்டத்து வாட்ச்மேன் வரை காது கொடுக்கிறார்கள். பாடகி கொல்லங்குடி கருப்பாயியை ஊருக்கு அறிமுகம் செய்தது வானொலிதான், 'ஆண்பாவம்' படம் பிறகு வந்தது.

சென்னைக்கு என்ன வாங்கப் போவது

வீட்டிலிருந்த ரேடியோவை விற்று அம்மா சின்னத்தாயம்மாள் கொடுத்த 400 ரூபாயோடு பாஸ்கரும் ராசையாவும் சென்னைக்குக் கிளம்பிய கதையை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். கேட்டதும் கண் கலங்கும். கலங்கிய கண்ணோடு நாமும் பெட்டியைக் கட்டிவிடுவோம். கொஞ்சம் நில்லுங்கள். அவர்கள் ஏறிய பஸ்ஸில் பத்து வருட மேடை இருந்தது.

போய் ராசையா என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் போய்ச் சேர்ந்தார். காதால் கேட்டு வாசித்துப் பழகியவர், புள்ளியும் கோடுமாக எழுதியிருக்கும் மேற்கத்திய இசைக் குறிப்பை உட்கார்ந்து படித்தார். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் பரீட்சை எழுதித் தங்கப் பதக்கம் வாங்கினார். அதே சமயம் சலில் சௌத்ரி முதலானவர்களின் ஒலிப்பதிவுகளில் கூலிக்கு வாசித்தார். சலில் சௌத்ரியும் வங்காளத்து இடதுசாரி மேடைகளிலிருந்து சினிமாவுக்கு வந்தவர். நாட்டுப் பாட்டையும் மேற்கத்திய வாத்தியக் கோவையையும் சேர்த்துப் பின்னியவர். பாவலரின் தம்பிக்கு அந்த ஸ்டுடியோவில் என்ன தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். தன் அண்ணன் செய்ததையே அறுபது வயலினோடு ஒருவர் செய்கிறார் என்று பட்டிருக்கலாம்.

பிறகு இசையமைப்பாளர் ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளர். பெரும்பாலும் கன்னடப் படங்கள். சுமார் 200 படம் என்கிறார்கள். பாரதிராஜாவும் கன்னட இயக்குநர் புட்டண்ணா கனகாலிடம் உதவியாளராக இருந்தவர். தேனி மண்ணைத் தமிழ் சினிமாவுக்குக் கொண்டுவந்த இரண்டு பேரும் தொழில் கற்றது கன்னடத்தில் என்பதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. இன்னொருவருடைய பெயரில், இன்னொருவருடைய பாட்டுக்கு, தெரியாத பாஷையில் வேலை செய்திருக்கிறார்கள். வெங்கடேஷ் மெட்டைச் சொல்வார், இவர் வாத்தியங்களுக்குப் பிரித்து எழுதுவார். அடுத்த நாள் ஸ்டுடியோவில் எழுதியது எப்படிக் கேட்கிறது என்று தெரிந்துவிடும். சம்பளமும் கொடுத்துப் பாடமும் சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடம் வேறெங்கே இருக்கிறது?

எனவே சென்னைக்கோ, இப்போதைய வசதிக்கு மதுரைக்கோ போகிறவர்கள் சான்ஸ் கேட்கப் போகாதீர்கள், வேலை கேட்கப் போங்கள். நொட்டேஷன் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். மதுரை அரசு இசைக் கல்லூரியில் முறையாகப் படிக்கலாம். கம்ப்யூட்டரில் ஒலிப்பதிவும் மிக்சிங்கும் பழகுங்கள். இன்றைக்கு உதவியாளராகச் சேர அதுதான் நுழைவுச் சீட்டு. நிஜமான பம்பையை எங்கே மைக் வைத்துப் பதிவு செய்தால் அதன் கீச்சு கெடாது என்று தெரிந்த ஒருவர் ஸ்டுடியோவுக்குக் கிடைப்பது அபூர்வம். நீங்கள் அந்த ஒருவராக இருங்கள்.

ஒரு பாட்டு ஹிட்டானால்

1994இல் 'காதலன்' படத்தின் பேட்டை ராப்பில் சுரேஷ் பீட்டர்ஸுடனும் ஷாகுல் ஹமீதுடனும் நம் தேனி குஞ்சரம்மாள் பாடினார். அந்தக் குரல் தமிழ்நாடு முழுக்கப் போனது. பரவை முனியம்மா 2003இல் 'தூள்' படத்தில் பாடி ஆடியதும் வீட்டுக்கு வீடு பேரானார். பிற்காலத்தில் அவருக்கு உடம்பு முடியாமல் பணமும் இல்லாமல் போனபோது, 2015இல் அரசு அவர் பெயரில் ஆறு லட்சம் ரூபாய் வைப்புப் போட்டு வட்டி கிடைக்கச் செய்தது. ஊரே பாடிய பாட்டுக்குச் சொந்தக்காரருக்கு ஏன் இந்த நிலை? பாடுகிறவருக்கு ஒருமுறை கூலி கொடுத்தால் தீர்ந்தது என்பதுதான் அந்தக் காலத்து வழக்கம்.

2012இல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. எழுதியவரும் இசையமைத்தவரும் உரிமையை விற்றாலும், பாட்டு திரும்பத் திரும்பப் பயன்படும்போது வரும் ராயல்டியில் அவர்களுடைய பங்கை எழுதி வாங்கிக்கொள்ள முடியாது. வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோதான் மாற்றலாம். நீங்கள் சொந்தமாக வார்த்தை கட்டுகிறவர், மெட்டுப் போடுகிறவர் என்றால் ஐ.பி.ஆர்.எஸ் சங்கத்தில் உறுப்பினராகுங்கள். பாடகர்களின் உரிமைக்குத் தனிச் சங்கம் இருக்கிறது. இளையராஜா தன் பாடல்களுக்காக ரெக்கார்டு கம்பெனிகளோடு எத்தனை வருடம் கோர்ட்டுக்கு நடந்தார், நடக்கிறார் என்று தெரியும். அதில் அவர் பக்கம், கம்பெனி பக்கம் என்று ஊர் இரண்டாகப் பிரிந்து பேசுகிறது. நீங்கள் அந்தப் பட்டிமன்றத்தில் சேர வேண்டாம். கையெழுத்துப் போடுமுன் தாளில் 'எல்லா உரிமையும், எல்லா ஊடகத்திலும், என்றென்றைக்கும்' என்ற மாதிரி வரி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டுப் போடுங்கள்.

பாவலர் செய்ததில் இன்றைக்கு நீங்கள் செய்யக்கூடாத ஒன்றும் இருக்கிறது. சினிமா மெட்டில் புது வார்த்தை போட்டு அவர் மேடையில் பாடிவிட்டு இறங்கிவிட்டார். நீங்கள் அதை யூடியூப்பில் ஏற்றினால் மெட்டுக்காரரின் கம்பெனி காப்புரிமை கேட்கும். வருகிற காசும் அவர்களுக்குப் போகும். கோயில் சடங்குக்கும் கல்யாணத்துக்கும் சட்டத்தில் விலக்கு உண்டு. டிக்கெட் கச்சேரிக்குக் கிடையாது. உரிமம் வாங்குவது அமைப்பாளர் வேலை என்று உங்கள் ரசீதில் அந்த வரியையும் சேர்த்துவிடுங்கள். சேனலில் போடுவதென்றால் யார் பெயரும் ஒட்டாத ஊர் மெட்டில் போடுங்கள், அல்லது சொந்த மெட்டு. ஊர் மெட்டு யாருக்கும் சொந்தமில்லை என்பதால்தான் அதை யார் வேண்டுமானாலும் தன்னுடையது என்று சொல்ல முயல்வார்கள். உங்கள் நோட்டில் தேதியோடும் பெயரோடும் எழுதி வைத்தது அப்போது சாட்சி பேசும்.

ஒரு சினிமாப் பாட்டு கிடைத்தால் பாடுங்கள், சந்தோஷம். ரெக்கார்டிங் முடிந்ததும் திரும்பி வாருங்கள். 2023 ஜூனிலிருந்து போடிக்கும் சென்னை சென்ட்ரலுக்கும் ரயிலே ஓடுகிறது. வாரத்தில் மூன்று நாள்தான், அதனால் வீரபாண்டித் திருவிழாத் தேதிகளைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். அந்த எட்டு நாளில் எந்த ஸ்டுடியோவுக்கும் தேதி கொடுக்காதீர்கள்.